பாஞ்சோவுக்குத் துண்டு எழுதிய கதை

இந்த ஊரில் செருப்பை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுகிறார்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நம் ஊரில் செருப்புக் காலோடு சமையற்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாலே விளக்குமாறு பறந்து வரும். இங்கே ஊவா மலையில், தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்தில், எங்கள் ஒற்றையறைக் காம்பராவில், அடுப்புக்கு நேர் மேலே ஒரு மூங்கில் கழி உண்டு. அதில் கருவாடு தொங்கும், கருவாட்டுக்குப் பக்கத்தில் என் செருப்பும் இடுப்பு வாரும் தொங்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் மூன்று மாதத்துக்கு மழையும் மூட்டமும்தான். உப்பு தண்ணீராகிவிடும், நெருப்புக்குச்சி உரசினால் குழையும், தோல் சாமானை ஒரு வாரம் மூலையில் போட்டுவைத்தால் பூஞ்சணம் பிடித்து ஆட்டுக்குட்டி மாதிரி மயிர் முளைத்து நிற்கும். வந்த புதிதில் இதைப் பார்த்து நான் மூக்கைச் சுளித்தேன். இப்போது ஊரிலிருந்து புதிதாக வருகிறவன் யாராவது மூக்கைச் சுளித்தால் எனக்குக் கோபம் வருகிறது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நான் துறையூர்ப் பக்கத்துக்காரன். பெயர் மாரிமுத்து. தூத்துக்குடியில் கப்பல் ஏறி, கொழும்பில் இறங்கி, பண்டாரவளை வரை ரயிலிலும் அப்புறம் கால்நடையாகவும் வந்து, தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தேன். அது ஆகிறது பதினைந்து வருஷத்துக்கு மேல். ஊருக்குக் காகிதம் எழுதுகிற நம்மவர்கள் எல்லாரும் அட்டையையும் குளிரையும் கங்காணியையுமே எழுதுகிறார்கள். பொய் என்று நான் சொல்லமாட்டேன், அட்டை என் காலையும்தான் கடித்தது. ஆனால் இந்த மலையில் நான் நாலு பேருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர் வெள்ளைக்காரர், ஒருவர் முஸ்லிம் வியாபாரி, ஒருவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த கலப்பு வம்சத்துப் பறங்கியர். நாலாவது ஆளை, நம் ஊராக இருந்தால், நான் பக்கத்தில் உட்காரவே விட்டிருக்கமாட்டேன். இந்த நாலு பேரையும் என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது ஒரு வாத்தியம். அதற்குப் பெயர் பாஞ்சோ.

முதல் சில வருஷம் மலையில் மண்வெட்டி பிடித்தேன். பிறகு சின்னதுரையின் பங்களாவில் சமையல்காரன் ஆனேன். சின்னதுரை என்றால் தோட்டத்துப் பெரிய துரைக்கு அடுத்த ஆள். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும், மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை. அவருடைய அறைச் சுவரில் இந்தச் சாமான் தொங்கியது. முதல் நாள் அதைத் துடைக்கச் சொன்னபோது என்னவென்றே பிடிபடவில்லை. அடிப்பக்கம் வட்டமான வளையத்தில் தோலை இழுத்துக் கட்டி, சாவுக்கு அடிக்கிற தப்பு மாதிரி இருந்தது. மேலே நீண்ட கழுத்து, அதில் தந்தி. வீணை என்று வைத்துக்கொள்ளலாம் என்றால் வீணைக்குக் கழுத்தில் பித்தளை மெட்டு வரிசை உண்டு, இதன் கழுத்து வழவழவென்று மொட்டையாகக் கிடந்தது. போதாததற்குத் தலைமாட்டில் நாலு முறுக்காணி இருக்க, ஐந்தாவது ஆணி ஒன்று கழுத்தின் பாதியிலே பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நின்றது. செய்த ஆசாரி கள்ளைக் குடித்துவிட்டு இடம் மாற்றி அடித்துவிட்டான் என்றுதான் நான் வெகு நாள் நினைத்திருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் துரை அதை மடியில் வைத்து வாசிப்பார். தகரத்தில் சில்லறையைக் கொட்டின மாதிரி சத்தம் வரும். என் மனைவி அங்கம்மா குசினி வாசலில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மழைக்காலத்தில் தோல் தளர்ந்துவிட்டால், துரை அதைக் கணப்புக்கு எதிரில் சற்று நேரம் பிடித்துத் தட்டிப் பார்ப்பார். அதையும் நான் பார்த்து வைத்திருந்தேன். அரைகுறையாகப் பார்த்திருக்கிறேன் என்பது பின்னால்தான் தெரிந்தது.

சீமையில் யுத்தம் மூண்டது. இளவட்டத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறினார்கள். எங்கள் சின்னதுரையும் பெட்டி கட்டினார். புறப்படுவதற்கு முதல் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, சுவரிலிருந்து பாஞ்சோவை எடுத்து என் கையில் வைத்தார்.

“மாரிமுத்து, இது உனக்கு.”

“எனக்கு வாசிக்கத் தெரியாதுங்களே தொரை.”

“வாசிக்க வேணாம். விற்கணும். உன் பெண்சாதிக்கு.”

அங்கம்மாவைப் பற்றி அவருக்குத் தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அவளுக்கு அதற்கு முன் இரண்டு பிரசவம். இரண்டும் காம்பராவிலேயே நடந்தன, இரண்டு பிள்ளையும் தங்கவில்லை. இரண்டாவது தடவை அவளே பிழைத்தது மாரியம்மன் புண்ணியம். தோட்டத்து மருந்துக்காரர் அப்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அடுத்தது என்று ஒன்று உண்டானால் பதுளை ஆஸ்பத்திரியில்தான் ஆக வேண்டும், லயத்தில் வைத்தால் தாயும் மிஞ்சமாட்டாள் என்று. இப்போது அவளுக்கு ஐந்து மாதம். கார்த்திகையில் பிரசவம். கார்த்திகை மழையில் எங்கள் தோட்டத்துப் பாதை சரிந்துவிடும், வலி எடுத்த பிறகு வண்டி கட்டிப் பதுளைக்குப் போகலாம் என்பது நடக்காத காரியம். ஒரு மாதத்துக்கு முன்னாலேயே இறங்கிப் போய், அங்கே ஓர் அறை பிடித்துத் தங்க வேண்டும். என்னிடம் இருந்தது வண்டி வாடகைக்கே காணாது. வீட்டுக்கு வந்து அந்தச் சாமானைப் பாயில் வைத்தபோது, அங்கம்மா அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, “இதாங்க நம்ம புள்ள” என்றாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

துரை பாஞ்சோவைக் கொடுத்தபோதே நான் ஒன்று கேட்டேன். இந்த ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்காக அதை விளக்கிவிடுகிறேன். இங்கே ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவதென்றால் கையில் துண்டு இருக்க வேண்டும். துண்டு என்பது துரை எழுதிக் கொடுக்கிற விடுதலைச் சீட்டு. இன்ன பெயர், இன்ன வயது, இன்ன அடையாளம், இன்ன கங்காணியின் ஆள், இவனை விட்டுவிட்டேன் என்று அதில் இருக்கும். துண்டு இல்லாதவனை எந்தத் தோட்டமும் சேர்க்காது, ஓடிவந்தவன் என்று பிடித்துக் கொடுப்பார்கள். மனுஷனுக்கே இந்தக் கதி என்றால், துரை வீட்டுச் சாமானைத் துணியில் சுற்றிக்கொண்டு ஒரு சமையல்காரன் பதுளைக் கடைவீதியில் நடந்தால் என்ன ஆகும்? ஆகவே கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்.

“தொரை, ஒரு துண்டு எழுதிக் குடுங்க.”

“நீ போறியா? எந்தத் தோட்டம்?”

“எனக்கில்லீங்க. இதுக்கு.”

துரை என்னைப் பார்த்தார், பாஞ்சோவைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நான் கேட்டதில் என்ன தப்பு? ஆனால் அவர் மேசையில் உட்கார்ந்து, ஆட்களுக்கு எழுதுகிற அதே அச்சடித்த தாளை எடுத்து, பக்கம் நிறைய இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தமிழ்தான் சொல்லிக் கொடுத்தார்கள். என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். “எல்லாம் எழுதியிருக்கு” என்றார். அவ்வளவுதான். மறுநாள் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஞ்சோவைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பத்து மைல் நடந்து பதுளைக்குப் போனேன். கடைவீதியில் சேகு நானா என்ற முஸ்லிம் வியாபாரி பழைய சாமான் வாங்குவார், விற்பார். துரைமார் ஊருக்குப் போகும்போது விடுகிற நாற்காலி, விளக்கு, கோப்பை எல்லாம் அவர் கடைக்குத்தான் வரும். வெள்ளைத் தாடி, வெற்றிலை வாய், எதைக் கொண்டுபோனாலும் முதலில் கிண்டல்தான்.

“என்ன தம்பி இது, புட்டு அவிக்கிற சட்டியா?”

“வாத்தியம் நானா. தொரை குடுத்தது.”

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளையம் பளபளவென்றிருக்கவே வெள்ளியாக இருக்குமோ என்று பக்கத்து நகைக்கடைப் பத்தரைக் கூப்பிட்டார். பத்தர் கல்லில் ஓர் ஓரத்தை உரசிப் பார்த்து, “வெள்ளியுமில்ல ஒண்ணுமில்ல, பித்தளைக்கு மேல ஏதோ பூச்சு” என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அப்புறம் நானா அந்த ஐந்தாவது ஆணியைப் பிடித்து ஆட்டினார்.

“இது கோணல் சாமான் தம்பி. கழுத்துல மெட்டு எல்லாம் உதிர்ந்து போச்சு. இந்த ஆணி வேற இடம் மாறி நிக்குது. இத புடுங்கிட்டு ஓட்டைய மெழுகு வெச்சு அடைச்சாத்தான் எவனாச்சும் வாங்குவான். மூணு ரூபா தாறன், வெச்சிட்டுப் போங்க.”

மூன்று ரூபாய்! அங்கம்மாவின் உயிரை ஒருவர் மூன்று ரூபாய் என்று மதிப்புப் போட்டது போலிருந்தது. நான் துண்டை எடுத்து நீட்டினேன். துரை கையெழுத்தைப் பார்த்தால் மரியாதை வரும் என்று எண்ணம். அதுதான் வினையாகப் போயிற்று. நானாவுக்கும் இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, ஆனால் அந்த அச்சுத் தாளை அவருக்கு நன்றாகத் தெரியும்.

“இது ஆளுக்கு எழுதற துண்டாச்சே! சாமானுக்கு யாராச்சும் துண்டு எழுதுவாங்களா? எவன் துண்டையோ தூக்கிட்டு வந்து... தம்பி, உண்மையச் சொல்லுங்க, இது எங்க எடுத்தது?”

எங்கே எடுத்தது என்று கேட்டாரே, அவ்வளவுதான், எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “நான் திருடன்னா நீங்க வாங்குறவன்தானே!” என்று கத்திவிட்டு, சாமானையும் துண்டையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பத்து மைலும் மலையேறி வரும்போது வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். கோபம் அடங்கியபோது பயம் பிடித்தது. யாரும் வாங்கவில்லை என்றால் என்ன செய்வேன்?

அதற்குப் பிறகு செய்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. புரட்டாசிக் கடைசியில் மூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. பாஞ்சோவின் தோல் தொளதொளத்து, ஓரத்தில் பூஞ்சணம் தலைகாட்டியது. இந்த ஊரில் தோலை எங்கே வைப்பார்கள்? எல்லாரும் வைக்கிற இடத்தில் நானும் வைத்தேன். கருவாட்டுக்கும் செருப்புக்கும் நடுவில், அடுப்புக்கு நேர் மேலே கட்டித் தொங்கவிட்டேன். என் செருப்புக்கு ஆகாதது ஒன்றும் இதற்கு ஆகிவிடாது என்று என் கெட்டிக்காரத்தனம். நாலாம் நாள் மத்தியானம் அங்கம்மா கஞ்சி வைத்துக்கொண்டிருக்கும்போது மேலே படாரென்று ஒரு சத்தம். தோல் குறுக்கே வாய் பிளந்துவிட்டது.

அன்று சாயங்காலமே பதுளையிலிருந்து வந்த வண்டிக்காரர் எங்கள் வாசலில் நிறுத்தினார். சேகு நானா சொல்லி அனுப்பியிருந்தாராம். அந்தச் சாமானைத் தேடிக்கொண்டு ஒரு பறங்கி ஐயா இருக்கிறார், வரும் ஞாயிற்றுக்கிழமை கொண்டு வரச் சொல், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல் என்று. நான் கிழிந்த தோலைப் பார்த்தபடி நின்றேன். அங்கம்மா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எங்கள் லயத்தில் கடைசிக் காம்பராவில் சடையன் இருந்தான். தேயிலைச் செடியைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவன். தோட்டத்தில் கல்யாணம், சாவு, தீமிதி எது நடந்தாலும் தப்பு அடிப்பவன் அவன்தான். நம் ஊரில் அவன் ஆட்கள் குடியிருக்கும் தெருவுக்குள் நான் கால் வைத்ததில்லை. இங்கே வந்தும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. ஒரே லயத்தில் இத்தனை வருஷம் இருந்தும் அவன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தவனில்லை நான். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்று வெட்கம் பார்க்க நேரமில்லை. பாஞ்சோவைத் தூக்கிக்கொண்டு அவன் வாசலில் போய் நின்றேன்.

அவன் கிழிசலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். “அடுப்புக்கு மேல கட்டினியாண்ணே?”

“ஆமா.”

“தோலுக்குத் தீயக் காட்டுறதுன்னா கையில வெச்சுத் தட்டித் தட்டிக் காட்டணும். சத்தம் ஏறிடுச்சுன்னா உடனே எடுத்துடணும். கட்டித் தொங்கவிட்டா அது கருவாடுண்ணே, வாத்தியமில்ல.”

என்னை ஒருவன் அப்படிப் பேசி நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை. அவன் அதோடு விட்டுவிட்டு வளையத்தைச் சுற்றியிருந்த பித்தளைக் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தான். “நம்ம தப்புக்குப் புளியங்கொட்டைப் பசை வெச்சு ஒட்டுவோம். இவங்க கொக்கி போட்டு இழுத்திருக்காங்க. நல்ல வேலைண்ணே, இதச் செஞ்சவன் லேசுப்பட்ட ஆளில்ல” என்றான். இரண்டு நாளில் வெள்ளாட்டுக் குட்டித் தோல் ஒன்றை எங்கிருந்தோ சம்பாதித்து, மயிர் வழித்து, ஊற வைத்து, ஈரத்தோடு வளையத்தில் போர்த்தி, இந்தக் கொக்கியில் ஒரு சுற்று, எதிர்க் கொக்கியில் ஒரு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கி, நிழலில் காய வைத்தான். வெயிலிலும் வைக்கவில்லை, நெருப்பிலும் வைக்கவில்லை. மூன்றாம் நாள் நகத்தால் சுண்டியபோது டங்கென்று சத்தம் கேட்டது. அங்கம்மா எட்டிப் பார்த்தாள். அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். கூலி என்ன வேண்டும் என்று கேட்டேன். “நானும் பதுளைக்கு வாறேன். தெரிஞ்சவங்க வாசிச்சு ஒரு தடவ கேக்கணும். அது போதும்” என்றான் சடையன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். சடையன் கடைப் படிக்கு வெளியே நின்றுவிட்டான். பழக்கம். சேகு நானா உள்ளேயிருந்து, “அங்க என்ன காவலா நிக்கிறீங்க? உள்ள வாங்க வாப்பா, மழை வருது” என்று அதட்டி, எங்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து ஒரே மாதிரிக் கோப்பையில் தேத்தண்ணீர் கொடுத்தார். பிறகு என்னிடம், “அன்னைக்கு நான் கேட்டது பிழை தம்பி. வாய் முந்திட்டு” என்றார். வயதானவர் அப்படிச் சொன்னதும், நானும் கத்தியிருக்கக் கூடாது என்று முணுமுணுத்தேன்.

பறங்கி ஐயா வந்தார். ரோட்டு வேலைக்கு ஓவர்சியர், வில்லி ஐயா என்று கூப்பிடுவார்கள். துரைமார் கிளப்பில் ஆட்டம் நடக்கும்போது வாத்தியம் வாசிப்பவர். சாக்கை அவிழ்த்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முதலில் கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, துப்பாக்கி குறி பார்ப்பது போல ஒற்றைக் கண்ணால் பார்த்தார். கவிழ்த்து, வளையத்துக்குள்ளே குறுக்கே போகிற கட்டையில் எதையோ தேடினார். ஐந்தாவது ஆணியைப் பார்த்ததும், “இதைப் பிடுங்காம விட்டீங்களே, தப்பிச்சுது மேன்!” என்று கூவினார். நானா இருமிக்கொண்டே வேறு பக்கம் திரும்பினார். அந்தக் குட்டைத் தந்தியும் அதன் ஆணியும்தான் பாஞ்சோவுக்கு அடையாளமாம். மெட்டு உதிரவில்லையாம், பழைய காலத்தில் மெட்டே வைக்கமாட்டார்களாம், மொட்டைக் கழுத்து என்றால் வயது கூட என்று அர்த்தமாம். நாங்கள் குற்றம் என்று எண்ணியிருந்தது எல்லாம் அவர் வாயில் குணமாக மாறியது.

அப்புறம் தோலைத் தடவிப் பார்த்து முகத்தைச் சுருக்கினார். “இந்தத் தோல் புதுசு. இது யார் வேலை?”

எனக்குப் பொறுக்கவில்லை. “எங்க சடையன் போட்டது. குத்தம் சொல்றதுக்கு முந்தி வாசிச்சுப் பாருங்க ஐயா!” என்றேன். எங்க சடையன் என்று என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. பக்கத்தில் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வில்லி ஐயா தந்திகளைச் சுருதி கூட்டி வாசித்தார். அடேயப்பா! துரை வாசித்தபோது சில்லறை கொட்டின சத்தம் என்றேனே, இது கூரையில் ஆலங்கட்டி விழுகிற சத்தம். கடைவீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சடையனின் விரல்கள் பெஞ்சில் தானாகத் தாளம் போட்டன. “கிளப்பில நூறு கால் சப்பாத்துப் போட்டுத் தட்டி ஆடும், என் சத்தம் யாருக்கும் கேட்காது. இது கேட்கும். தோல் துணி மாதிரி மேன், மாத்தலாம். கழுத்து நேரா இருக்கு, வளையம் வட்டமா இருக்கு, அதுதான் விலை” என்றார் ஐயா. “ஆனா இது எங்கே இருந்து வந்தது? உள்ளே முத்திரை பாதி அழிஞ்சு போச்சு. அது தெரியாம நான் பெரிய விலை சொல்ல முடியாது.”

சேகு நானா என்னைப் பார்த்தார். “தம்பி, அந்தத் துண்டு.”

தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தேன். வில்லி ஐயா வாசித்தார், நிறுத்தினார், மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னார். பெயர், பாஞ்சோ. பிறந்த ஊர், அமெரிக்காவில் நியூயார்க் பட்டணம். வயது முப்பதுக்கு மேல். முன்பு வேலை செய்த இடம், துரையின் தாய்மாமன் வீடு, அவர் கப்பலில் போய், செய்தவர் கையிலேயே வாங்கினார். அங்க அடையாளம், கழுத்தில் முத்துச்சிப்பியில் ஒரு நட்சத்திரம், வயிற்றுக்குள் செய்தவர் முத்திரை. வெயிலில் நன்றாக உழைக்கும், மழையில் சோம்பேறி. ஒழுக்கம் நன்று. கங்காணி பெயர், மாரிமுத்து.

அதுவரை சிரித்துக்கொண்டே சொன்னவர் கடைசி வரிக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார். “இந்த ஆளை எடுக்கிறவர் தயவுசெய்து கஞ்சத்தனம் பண்ண வேண்டாம். கங்காணி வீட்டில் பிள்ளை பிறக்கப் போகிறது.”

நான் கடைக்குள் எல்லார் முன்னாலும் அழுதேன். அந்த மனுஷன் சிரித்தபோது என்னைப் பார்த்துச் சிரிக்கிறார் என்றல்லவா நான் கோபப்பட்டேன்! நான் கேட்ட பைத்தியக்காரத் துண்டைக் கேலியாக எழுதுவது போல எழுதி, செய்த இடம், வயது, வந்த வழி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் வைத்து, என் பிள்ளைக்காக முகம் தெரியாத ஒருவரிடம் கெஞ்சியும் இருக்கிறார். வில்லி ஐயா முத்திரையில் மிஞ்சியிருந்த எழுத்தைத் துண்டோடு ஒத்துப் பார்த்தார், நட்சத்திரத்தைத் தொட்டுப் பார்த்தார். அறுபது ரூபாய் கொடுத்தார். நான் மனதுக்குள் பத்துக்கு மேல் நினைக்கவேயில்லை. துண்டையும் தனக்கே வேண்டும் என்று கேட்டு வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சேகு நானாவுக்குத் தரகு கொடுக்கப் போனேன். “அத வெச்சுக்கங்க. வண்டிக்காரர் சொன்னாரு, பதுளையில அறை தேடுறீங்களாமே? எங்க வீட்டுக்குப் பின்னால ஓர் அறை சும்மா கிடக்கு. எங்க வீட்டாள் பக்கத்துல இருப்பா” என்றார்.

ஐப்பசி நடுவில் அங்கம்மாவை வண்டியில் வைத்துப் பதுளைக்கு இறக்கினோம். நாங்கள் இறங்கிய பத்தாம் நாள் பாதை சரிந்தது. நானாவின் மனைவியை அங்கம்மா அக்கா என்று கூப்பிடுவாள். இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டு அவர் வைத்துக் கொடுத்த கஞ்சியைக் குடித்துக் குடித்து என் மனைவிக்குக் கன்னத்தில் சதை வைத்தது. கார்த்திகையில் ஒரு விடியற்காலை வலி எடுத்தது. ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளித்தான். பகல் முழுவதும் நான் வராந்தாவில் நின்றேன். சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, பிள்ளை கால் முன்னே வந்தது, மிகவும் சிரமப்பட்டுவிட்டது, ஆனால் தாயும் மகளும் நலம் என்றார். லயத்தில் நடந்திருந்தால் என்று அவர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை முடிக்காமல் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

சின்னதுரை திரும்பி வரவில்லை. அடுத்த வருஷம் பெரிய துரையிடம் அவரைப் பற்றிக் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மகளுக்கு என்ன பெயர் வைத்தோம் என்று அவருக்கு ஒரு வரி எழுதிப் போட நினைத்திருந்தேன், அது கடைசிவரை முடியாமலே போயிற்று. சடையனும் நானும் இப்போது ஒரே சட்டியில் கறி எடுத்துச் சாப்பிடுகிறோம். இதை வாசிக்கிற துறையூர்ப் பக்கத்து உறவுக்காரர்களில் யாராவது முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும், எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரி ஆயாவிடம் நச்சுக்கொடியைக் கேட்டு ஒரு மண் கலயத்தில் வாங்கி வந்தேன். அதைக் கண்ட இடத்தில் போடுவது நம் வழக்கமில்லையே. சொந்த மண்ணில் புதைக்க வேண்டும், எனக்கு அங்கே ஏது மண்? கலயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் விழித்ததைப் பார்த்து, நானாவே மண்வெட்டியை எடுத்து வந்து தன் வீட்டுப் பலாமரத்தடியில் ஆழமாகக் குழி வெட்டிக் கொடுத்தார். பிரசவத்துக்கு முன்னமே ஊரிலிருந்து என் தாய் காகிதம் எழுதுவித்திருந்தாள், பிள்ளையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் பத்திரமாக அனுப்பு, குலதெய்வத்தின் காலடியில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அது நம் பிள்ளை ஆகாது என்று. பத்தாம் நாள் அது விழுந்தது. மறுநாள் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பதுளை வழியாக ஊருக்குப் புறப்பட்டார். மஞ்சள் துணியில் அதை முடிந்து அங்கம்மா அவர் கையில் கொடுத்தாள், அவர் இடுப்பில் செருகிக்கொண்டு பண்டாரவளை ரயிலைப் பிடிக்க வண்டி ஏறினார். வண்டி திருப்பத்தில் மறையும்வரை நாங்கள் நானா வீட்டு வாசலில் நின்றோம். என் மகளுக்கு அன்று வயது பதினொரு நாள். அவளில் கொஞ்சம் பலாமரத்தடியில் இருந்தது, கொஞ்சம் கடல் தாண்டப் போய்க்கொண்டிருந்தது, மீதி என் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.